பின்னறைக்கு ஒரு டன்

நவம்பர் 3, திங்கள்

காலை ஆறு மணிக்குக் கூடத்தில் 12 டிகிரி. வெளியே 8.

சனிக்கிழமை மருத்துவர் சொன்னதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். ருக்குமணியின் விரல் மூட்டுகள் இனி உதகைக் குளிரைத் தாங்காது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அவள் இருக்கும் இடம் இருபது டிகிரிக்குக் குறையக் கூடாது. முடியாவிட்டால் மனைவியைக் கோவையில் மகள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். அனுப்பிவிடுங்கள் என்பது பார்சலுக்குச் சொல்லும் சொல். அப்போதே அவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கரி அடுப்பு புகைகிறது, அவள் இருமுகிறாள். கம்பி ஹீட்டர் மணிக்கு இரண்டு யூனிட் தின்கிறது, தொண்டையும் வறண்டுபோகிறது. மிச்சம் இருப்பது ஒன்றுதான். கோடையில் அறைக்குள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளும் ஏசியைத் திருப்பி ஓட்டினால், வெளியே இருக்கும் வெப்பத்தை அது உள்ளே கொண்டுவரும். இதைக் கடைக்காரர்கள் ஹாட் அண்ட் கோல்டு ஏசி என்கிறார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். கல்லூரியில் முப்பத்தொரு ஆண்டுகள் இதைப் பாடமாக நடத்தினேன், ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. இன்று கடைக்காரர் அதையே சொன்னபோது, இவர் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று தோன்றியது.

நவம்பர் 6, வியாழன்

லூர்துசாமி வந்தார். நாற்பது வயது இருக்கும். மார்க்கெட் பக்கம் சின்னக் கடை, ஃப்ரிட்ஜ், ஏசி வேலை. டேப்பை அவர் பிடிக்கும் முன்பே என் அளவுகளைக் கொடுத்தேன்.

எந்த அறை என்பதை நான் முன்பே முடிவு செய்துவிட்டேன். கூடம் பதினாறுக்குப் பதினான்கு, பதினொரு அடி உயரம், தெருப் பக்கம் பெரிய ஜன்னல். வெப்பம் நிற்காது. பின்னறை பத்துக்குப் பத்து. ஒரே ஜன்னல், அதுவும் மலைச்சரிவின் தடுப்புச் சுவரைப் பார்த்தது. அம்மா தன் கடைசி மூன்று குளிர்காலங்களை அங்கேதான் கழித்தாள். ருக்குமணிதான் பார்த்துக்கொண்டாள். காற்று புகாத அறை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. இப்போது என் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை மாற்றிவிடலாம்.

"கரெக்ட் சார். இதுக்கு ஒரு டன் போதும்" என்றார் லூர்துசாமி.

மிஷின் 47,500. மற்றபடி ஸ்டாண்டு, ஸ்டெபிலைசர், தனி வயரிங், ஒன்றரை அடிக் கல்சுவரில் துளை, கோவையிலிருந்து வண்டிக் கூலி, பொருத்தும் கூலி. மொத்தம் 62,500. நான் ஜன்னல் இடுக்குகளை அளந்துகொண்டிருந்தபோது ருக்குமணி அவருக்குச் சமையலறையில் தேநீர் கொடுத்தாள். நெடுநேரம் பேசினார்கள். அவள் இரண்டு முறை சிரித்தாள்.

எதற்கு என்று பிறகு கேட்டேன். "அவுரு பையன் ஸ்கூல்ல நாடகத்துல மரமா நின்னானாமுங்க" என்றாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

லூர்துசாமி தொலைபேசியில் அழைத்தார். பின்னறை சரிப்படாதாம். வெளியே வைக்கும் பெட்டிக்கு இடம் பத்தாதாம். தடுப்புச் சுவர் மூச்சை அடைக்குமாம்.

"வியாழக்கிழமை நீங்கள் பார்த்தீர்களே?"

"பாத்தேன் சார். வீட்டுக்குப் போய் யோசிச்சேன். கூடத்துலதான் சார் போடணும்."

"கூடத்துக்கு ஒரு டன் போதாதே."

"ரெண்டு டன் போட்டுக்கலாம் சார்."

நான்கு நாள் யோசித்து ஒரு டன் இரண்டு டன்னாகியிருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

தடுப்புச் சுவருக்கும் வீட்டுக்கும் இடையே நான்கு அடி ஒரு அங்குலம். மூன்று இடங்களில் அளந்தேன். கம்பெனியின் கையேட்டை இறக்கிப் படித்தேன். பெட்டிக்கு முன்னால் இரண்டு அடி இருந்தால் போதும். லூர்துசாமி பொய் சொல்கிறார்.

அல்லது எனக்குக் கையேடு புரியவில்லை. மறுபடி படித்தேன். புரிகிறது.

நவம்பர் 14, வெள்ளி

அவரை வரச்சொல்லிக் கையேட்டைக் காட்டினேன். நான் யாரையும் இப்படி மடக்கியதில்லை. அவர் அதைப் பார்த்தாரே தவிரப் படிக்கவில்லை.

"அது சரி சார். ஆனா அந்தச் செவுரு ஓதம். பைப்பு போட்டா உள்ள தண்ணி எறங்கும்."

திங்களன்று இடமில்லை, இன்று ஈரம். நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். கல் குளிர்ந்திருந்தது, ஈரமில்லை.

கூடத்துக்கான மதிப்பீட்டைக் கொடுத்தார். 85,600. வாங்கி வரிவரியாகக் கூட்டினேன். கூட்டல் சரி. ஆனால் பொருத்தும் கூலி என்ற வரியே இல்லை. இரண்டு டன் மிஷினைச் சுமந்து, கல்லைத் துளைத்துப் பொருத்தும் ஒருவர் கூலி வேண்டாம் என்றால் அவருக்கு அது வேறெங்கோ கிடைக்கிறது என்று பொருள்.

கேட்டேன். "அது கெடக்கு சார், அப்புறம் பாத்துக்கலாம்" என்று தலையைச் சொறிந்தார்.

ருக்குமணி வாசல்படியில் நின்றிருந்தாள். "ஏனுங்க, தொழில் தெரிஞ்சவரு சொல்றாரு. அவுரு சொல்றாப்டியே செஞ்சுருங்களே" என்றாள். நாற்பத்தாறு ஆண்டுகளில் அவள் என் கணக்கு ஒன்றில் வாய் திறந்தது இதுவே முதல் தடவை. இதையும் குறித்து வைக்க வேண்டும் என்று தோன்றியது.

நவம்பர் 19, புதன்

அவளுடைய கைப்பேசியைச் சார்ஜில் போடும்போது திரை தானாக ஒளிர்ந்தது. இல்லை, நான்தான் தொட்டேன். லூர்து ஏசி என்று மூன்று அழைப்புகள், மூன்றும் இவள் கூப்பிட்டவை. ஒன்று ஒன்பது நிமிடம். நான் மகள் வான்மதியிடமே இரண்டு நிமிடத்துக்குமேல் பேசுவதில்லை.

முதல் அழைப்பு ஒன்பதாம் தேதி, ஞாயிறு. மறுநாள்தான் இடம் பத்தாது என்றார்.

என் ஊகங்கள்:

ஒன்று, பெரிய மிஷினில் அவருக்குக் கமிஷன் அதிகம், ருக்குமணியைப் பிடித்து என்னைத் தள்ளப் பார்க்கிறார். இரண்டு, இதில் மாப்பிள்ளை இருக்கிறார். செலவு மலைப்பாக இருந்தால் நாங்கள் கீழே வந்துவிடுவோம், வீட்டை விற்கலாம். போன மாதம் அவர் இந்தப் பகுதி நில விலையைப் பற்றி ஒரு செய்தி அனுப்பியிருந்தார். மூன்று, நான் தவறாக நினைக்கிறேன்.

மூன்றாவதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் வாழ்நாள் அனுபவம். ஆனால் எந்த இடத்தில் தவறு என்று தெரியவில்லை.

நவம்பர் 22, சனி

ருக்குமணி கூடத்து ஜன்னலருகே தன் நாற்காலியில். வழக்கம்போல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். லாரியில் கேரட் கழுவாமலேயே போகிறது, இத்தலார் பஸ்ஸில் புதுக் கண்டக்டர், கான்வென்ட் பிள்ளைகளில் ஒருத்திக்கு ஷூ பெரிதாக இருக்கிறது, அது அக்காவுடையதாக இருக்கும். நான் ஒப்பீட்டு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன், பாதிதான் காதில் விழுந்தது. இரண்டு அறைகள், இரண்டு மிஷின்கள், மின் கட்டணம், பழுதுச் செலவு எனப் பன்னிரண்டு பத்திகள்.

திடீரென்று கேட்டாள். "அந்த ரூமுக்குக் கதவைச் சாத்தியேதான் வெக்கோணுங்களா?"

திறந்து வைத்தால் வெப்பத்தில் பாதிக்குமேல் வெளியேறும் என்று விளக்கினேன். ஜன்னல் இடுக்குகளையும் ஸ்பான்ஞ்சு டேப்பால் ஒட்டிவிடுவேன் என்றேன்.

"சரிங்க" என்றாள். உடனே புரிந்துகொண்டது மகிழ்ச்சியாக இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

கோவையில் ஒரு கடைக்குப் பேசினேன். ஒரு டன், பின்னறை, எல்லாம் சேர்த்து 58,900. பணம் கட்டிவிட்டேன்.

லூர்துசாமிக்குப் போன் செய்யத் துணிவு வரவில்லை. நான்கு முறை எழுதி அழித்துவிட்டு, 'தற்போது தேவைப்படவில்லை, நன்றி' என்று செய்தி அனுப்பினேன். 'சரி சார்' என்று பதில் வந்தது. கோபம் இல்லாத பதில். அதுவும் உறுத்துகிறது.

நவம்பர் 27, வியாழன்

வெளியே 3. புல்மேல் முதல் உறைபனி. ருக்குமணியால் ஸ்வெட்டர் பொத்தானைப் போட முடியவில்லை. நான் போட்டுவிட்டேன். ஐந்து பொத்தான்கள்.

டிசம்பர் 2, செவ்வாய்

கோவையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். குல்லா இல்லாமல் வந்து நடுங்கினார்கள். ருக்குமணி என் பழைய மஃப்ளர்கள் இரண்டை எடுத்துக் கொடுத்தாள். கல்சுவரில் துளை போட மூன்று மணி நேரமாயிற்று. வீடெங்கும் வெள்ளைத் தூசி. செம்புக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்ச இருபது நிமிடம் பம்பு ஓட வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. பதினான்கு நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன், கேட்கவில்லை.

மாலை நான்கு மணிக்கு அறையில் 21 டிகிரி. வெளியே 9. மீட்டரைப் பார்த்தேன், மணிக்கு முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. பாடத்தில் சொன்னது அப்படியே நடந்தது. இந்த வயதில் எனக்குக் கண் கலங்கியது, தூசியாகவும் இருக்கலாம்.

ருக்குமணியைக் கூப்பிட்டேன். வாசல்படியில் நின்று உள்ளே பார்த்தாள். அவளுடைய கட்டிலை அம்மாவின் கட்டில் கிடந்த அதே சுவரோரம் போட்டிருந்தேன். அங்கேதான் வெதுவெதுப்பான காற்று நேராக வருகிறது.

"நல்லா இருக்குதுங்க" என்றாள். உள்ளே வரவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டாள். பிறகு நான் போனபோது அடுப்பு அணைந்திருந்தது.

டிசம்பர் 4, வியாழன்

இரண்டு நாளாக அவள் கூடத்திலேயே, இரண்டு கம்பளிக்குள் இருக்கிறாள். புதுச் சத்தம் பழகட்டும் என்கிறாள். மிஷினில் சத்தமே இல்லை. காலி அறையில் 21 டிகிரி.

டிசம்பர் 6, சனி

வான்மதி காரில் வந்து அவளை அழைத்துப் போய்விட்டாள்.

எனக்குக் காலையில்தான் தெரியும். துணிப்பை முந்தைய நாளே தயாராக இருந்திருக்கிறது. ஃப்ரிட்ஜில் எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று ருக்குமணி சொல்லிக்கொண்டே போனாள். "ரசத்தை முதல்ல தீத்துருங்க. கொள்ளுப் பருப்பு மூணு நாளைக்குக் கெடாது."

"மிஷின்தான் வந்துவிட்டதே" என்றேன்.

"நான் மிஷினைக் குத்தஞ் சொல்லலீங்களே. அது பாட்டுக்கு நல்லா ஓடுது. ரெண்டு மூணு மாசந்தானுங்க."

அவள் காரில் ஏறிய பிறகு வான்மதி என்னிடம் தனியாக வந்தாள்.

"அப்பா, இதுல அம்மாவை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"

"தினமும் காலை, மாலை கேட்டேனே. எவ்வளவு குளிர்கிறது என்று. எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் மஃப்ளரைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை வரவில்லை. வேலை இருக்கிறதாம். இரண்டாம் ஊகம் வலுக்கிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

ரசம் தீர்ந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

வெளியே 2. வாங்கிய மிஷின் வீணாக வேண்டாமே என்று காலை முதல் பின்னறையில் உட்கார்ந்து படித்தேன். கதவு சாத்தியிருந்தது. 21 டிகிரி. ஜன்னலுக்கு வெளியே தடுப்புச் சுவர். அதில் பாசி, ஒரு இடத்தில் பெரணி. சிறிது நேரத்துக்கு மேல் அதைப் பார்க்க முடியவில்லை. டேப் ஒட்டியதால் எந்தச் சத்தமும் வரவில்லை. பஸ் போயிற்றா, மணி என்ன, மழையா வெயிலா, ஒன்றும் தெரியவில்லை. ஒருமுறை எழுந்து, கதவு திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தது. திறக்காமல் என்ன?

மொத்தம் மூன்று மணி பத்து நிமிடம் இருந்தேன்.

அம்மா மூன்று குளிர்காலம் இருந்தாள். அவளுடன் ருக்குமணியும்.

டிசம்பர் 11, வியாழன்

லூர்துசாமியின் கடைக்குப் போனேன். ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். வாசலில் நின்று இரண்டு முறை திரும்பி வந்தேன். மூன்றாம் முறை அவரே பார்த்துவிட்டார்.

"வாங்க சார், உள்ள வாங்க. குளிர்ல ஏன் நிக்கிறீங்க? கோயம்புத்தூர் மிஷின் மக்கர் பண்ணுதா?"

"இல்லை. நன்றாக ஓடுகிறது." தாளைப் பார்த்து முதல் கேள்வியைப் படித்தேன். "பின்னறையில் இடம் இருந்தும் இல்லை என்று ஏன் சொன்னீர்கள்?"

அவர் ஒரு ஃப்ரிட்ஜின் முதுகைத் திறந்து வைத்திருந்தார். ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க சார்."

"அவள் கோவைக்குப் போய்விட்டாள்."

"ஐயையோ." ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "அன்னிக்கு டீ குடிக்கறப்பவே கேட்டாங்க, வேற எடத்துல போட முடியாதான்னு. அப்புறம் ஞாயித்துக்கெழமை போன் பண்ணி அழுதாங்க சார். 'அந்த ரூம்ல எங்க மாமியார வெச்சு மூணு வருசம் பாத்தேன். கடைசியில அவுங்க செவுத்தோட பேசிட்டு இருந்தாங்க. இப்ப என் கட்டில அங்க போடப் போறாரு. எப்படியாவது தட்டிவிடு கண்ணு'ன்னாங்க. எனக்குப் பொய்யும் சரியா வரல. எடமில்லைன்னேன், நீங்க டேப்பை எடுத்துட்டீங்க. ஓதம்னேன், செவுத்தத் தடவிப் பாத்துட்டீங்க."

"கூலி ஏன் போடவில்லை?"

"கூடத்துக்கு ரேட்டு கொஞ்சம் கம்மியாத் தெரியட்டும்னுதான். அதையும் நீங்க சந்தேகமாப் பாத்தீங்க." சிரித்துவிட்டார். "சார், உங்ககிட்ட நல்லது செய்யறதும் கஷ்டம்தான்."

இன்னும் மூன்று கேள்விகள் இருந்தன. தாளை மடித்தேன். "அவள் என்னிடம் ஏன் சொல்லவில்லை?" இது தாளில் இல்லாதது.

"நானும் கேட்டேன் சார். 'அவுரு கணக்குப் போட்டு முடிச்சுட்டாரு, இனி நான் சொன்னா அதுக்கும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவாரு, நான் சரிம்பேன்'னாங்க."

வீட்டுக்கு வந்து நவம்பர் 22ஆம் தேதிக் குறிப்பை எடுத்துப் படித்தேன். 'சரிங்க' என்றாள் என்று நானேதான் எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 12, வெள்ளி

அவளிடம் கேட்கத் துணிவு வரவில்லை. மாற்றி வைத்துவிட்டுக் கேட்கலாம்.

டிசம்பர் 15, திங்கள்

லூர்துசாமி மிஷினைக் கழற்றிக் கூடத்தில் மாட்டினார். புதுத் துளை, கூடுதல் குழாய், கேஸ், வயரிங், கூலி எல்லாம் சேர்த்து 9,400. கூலியை எழுத வைத்தேன். சண்டை போட்டுத்தான் எழுத வைக்க வேண்டியிருந்தது. பம்பு இருபத்தைந்து நிமிடம் ஓடியது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"இந்த மிஷின் இவ்வளவு பெரிய ரூமுக்குச் சின்னது சார். சும்மா சொல்ல மாட்டேன். ஜன்னலுக்கும் நடுவுலயும் கெட்டித் திரை போட்டீங்கன்னா பதினெட்டு வரும். அதுக்கு மேல வராது."

"மருத்துவர் இருபது என்றார்."

"அதை அம்மாகிட்டயே கேட்டுருங்க சார்."

பின்னறைச் சுவரின் பழைய துளையை அடைக்கப் பழைய காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். ஒப்பீட்டு அட்டவணையைக் கொடுத்தேன். நீளமான தாள், நன்றாக அடைத்தது. மேலே சிமென்ட் பூசிவிட்டார்.

டிசம்பர் 16, செவ்வாய்

மாலை நான்கு மணிக்குக் கூடத்தில் 18. அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு போன் செய்தேன்.

சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்தேன். மிஷின் இப்போது கூடத்தில் இருக்கிறது. கெட்டித் திரை போட்டும் இங்கே பதினெட்டுதான் வருகிறது. இருபது வேண்டுமென்றால் மறுபடி பின்னறைதான், அல்லது கோவைதான். எது வேண்டும் என்று நீ சொல்ல வேண்டும். நான் கணக்குப் போடவில்லை.

தொடர்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"ஏனுங்க" என்றாள் கடைசியில், "இப்ப எங்க உக்காந்திருக்கறீங்க?"

"உன் நாற்காலியில்."

"திரைய நீக்கிப் பாருங்க. யாரு போறாங்க?"

பார்த்தேன். "ஒரு லாரி."

"கேரட் லாரிங்களா? கழுவுனதா, கழுவாததா?"

தெரியவில்லை என்றேன். எழுந்து நின்று பார்த்தேன். கழுவியது. ஈரம் சொட்டிக்கொண்டே போனது. அதைச் சொன்னேன். இத்தலார் பஸ் பன்னிரண்டு நிமிடம் தாமதம் என்றேன். கான்வென்ட் பிள்ளைகள் வந்தார்கள். பெரிய ஷூ போட்ட பெண் இருக்கிறாளா என்று கேட்டாள். எல்லோர் கால்களையும் பார்த்தேன். கடைசியாக வந்தவள் பாதத்தை இழுத்து இழுத்து நடந்தாள்.

"இருக்கிறாள்" என்றேன்.

"அஞ்சு மணிக்கு மேல நாய்க்காரம்மா போவாங்க. பாத்துட்டுக் கூப்புடுங்க."

நாங்கள் இருபத்தாறு நிமிடம் பேசியிருக்கிறோம். நான் கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை என்பது வைத்த பிறகுதான் உறைத்தது.

டிசம்பர் 17, புதன்

நேற்று நாய்க்கார அம்மாள் வரவில்லை. இன்று 5.05க்குப் போனார். நாய்க்குச் சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். ஒரு கால் மட்டும் ஓட்டை வழியாக வராமல் ஸ்வெட்டருக்குள்ளேயே சிக்கியிருந்ததால் அது மூன்று காலால் நொண்டியது. உடனே கூப்பிட்டுச் சொன்னேன்.

ருக்குமணி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு பக்கத்தில் வான்மதியிடம் ஏதோ சொல்வது கேட்டது.

"ஏனுங்க, பதினெட்டுன்னா சால்வை வேணுமில்லீங்க? சனிக்கெழம வர்றப்ப இங்கிருந்தே ஒண்ணு வாங்கிட்டு வரட்டுங்களா?"

"இரண்டாக வாங்கி வா" என்றேன்.